மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்

ஐம்பத்து மூன்று வயதுவரை பிரஷ்ஷுக்குத் தன் தலைமுடி எப்படிப்பட்டது என்று தெரியாது. கறுப்பு என்று தெரியும். காதோரம் நரைத்திருக்கிறது என்று தெரியும். அதற்குமேல் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அது வளர்ந்ததே இல்லை. ஐந்து வயதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒட்ட வெட்டிக்கொண்டே வந்தார். முதலில் அம்மா கையைப் பிடித்து அழைத்துப் போனார். பிறகு தானே போனார். ஏன் என்று கேட்டதில்லை. நகம் வெட்டுவதை யாராவது ஏன் என்று கேட்கிறார்களா?

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊருக்குள் நூற்று நாற்பது லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில் முப்பது வருஷமாக வேலை. சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் தலையைப் பார்த்த ஒருவர், ஷூ பாலிஷ் போடும் பிரஷ் மாதிரி இருக்கிறது என்றார். சொன்னவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பெயர் ஓய்வு பெறவில்லை.

பிரஷ் அதிகம் பேசமாட்டார். லிஃப்ட் மேலேறி வேலை செய்யும்போது கீழே நிற்கும் ஜோடிக்காரரிடம் "ஏத்து", "எறக்கு", "நிறுத்து" என்று மூன்று வார்த்தை சொல்வார். வீட்டில் ஒரே வார்த்தைதான்: "விடு." மனைவி யாரைப் பற்றியாவது குறை சொன்னால் விடு. மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தால் விடும்மா. குழாய் ஒழுகினால்கூட முதலில் விடு என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போய்ச் சரிசெய்வார்.

முடி வெட்டுவதற்கு இருபத்தாறு வருஷமாக ஒரே சலூன். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு சலூன்காரர். அவர் பிரஷ்ஷைவிட ஒன்பது வயது மூத்தவர். "வழக்கம்போல?" என்பார். இவர் "ம்" என்பார். மெஷினில் இரண்டாம் நம்பர் பல்லைப் பொருத்தி, கழுத்திலிருந்து நெற்றிவரை ஓட்டிவிட்டால் எட்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. இருவருக்கும் இடையில் அதைவிட நீளமான உரையாடல் நடந்ததாக நினைவில்லை. ஆனாலும் ஊரில் நெருங்கிய நண்பர் யார் என்று கேட்டால் பிரஷ் அவரைத்தான் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

நாற்பது வருஷம் நின்றே வேலை செய்ததில் சலூன்காரரின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோயின. ஒன்றை மாற்றி, அது ஆறியபின் மற்றதை மாற்றவேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஒரு சனிக்கிழமை பிரஷ் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'முழங்கால் ஆபரேஷன். மூன்று மாதம் கழித்து வரவும். மற்ற முழங்கால் பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும்.'

நான்கு கடை தள்ளி இன்னொரு சலூன் இருந்தது. ஏசி போட்டது. பிரஷ் அதன் வாசல்வரை போனார். உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. ஒருவர் சிரித்துக்கொண்டே வாங்க என்று சைகையும் செய்தார். பிரஷ் திரும்பி வந்துவிட்டார்.

"ஏங்க, வெட்டிக்கலையா?" என்றார் மனைவி.

"அண்ணன் படுத்திருக்கார்."

"அவர் படுத்திருந்தா உங்க தலை என்ன பண்ணும்?"

"இருபத்தாறு வருஷம் ஒருத்தர்கிட்ட தலையக் குடுத்துட்டு, அவரால எழுந்திரிக்க முடியாதப்போ இன்னொருத்தர்கிட்ட குடுக்கிறதா?"

இவ்வளவு நீளமாக அவர் பேசி மனைவி கேட்டதில்லை. அதனால் அதோடு விட்டுவிட்டார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்பார்கள். இங்கே யாரும் போடாமலே முடிச்சு விழுந்தது.

முதல் ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. சின்ன பிரஷ் பெரிய பிரஷ் ஆனார், அவ்வளவுதான். எட்டாவது வாரம் ஒரு மருத்துவமனை லிஃப்டில் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டுக்குள் கண்ணாடி வைப்பது உள்ளே நிற்பவர்களுக்கு நேரம் போவது தெரியாமலிருக்க என்பார்கள். முப்பது வருஷமாக அந்தக் கண்ணாடிகளில் கீறல் இருக்கிறதா என்று மட்டும்தான் அவர் பார்த்திருக்கிறார். அன்று ஒரு கீறல் இருந்தது. கொக்கி மாதிரி வளைந்த கீறல். துணியால் துடைத்தார். போகவில்லை. தலையைத் திருப்பியதும் கீறலும் கூடவே திரும்பியது.

வீட்டுக்கு வந்து, தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். உடம்புக்குப் போடும் சோப்பைத் தலைக்கும் போட்டு, துண்டால் பாத்திரம் துலக்குவதுபோலத் தேய்த்தார். காய்ந்ததும் தலை ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது. அவரிடம் சீப்பு கிடையாது, வாழ்நாளில் வாங்கியதில்லை. மனைவியின் சீப்பை எடுத்து இழுத்தார். இரண்டு பல் உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது.

மனைவி முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்து மருத்துவமனை ஊழியர்களின் சீருடைகளுக்கு அளவு குறைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவர் தொழில். சீப்பைப் பார்த்தார்.

"என்னத்தச் சீவினீங்க?"

"தலைய."

"யார் தலைய?"

பல்லை எடுப்பதற்காக அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையில் தண்ணீர் தெளித்து, விரலால் பிரித்தார். பிரித்தவர் நிறுத்திவிட்டார். நனைந்த முடி ஒவ்வொரு கொத்தாகப் பிரிந்து, பேனா மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்போலச் சுருண்டு நின்றது. ஒன்றை நுனியில் பிடித்து இழுத்தார். நீண்டது. விட்டார். மறுபடி ஏறிக்கொண்டது.

"என்னங்க, இது சுருட்டை."

"எது?"

"உங்க முடி."

"அழுக்கா இருக்கும்."

"எழுந்திருங்க. வெளிச்சத்துக்கு வாங்க."

மனைவி அவரை ஜன்னலோரம் நிறுத்திச் சுற்றிவந்து பார்த்த விதத்தைப் புரிந்துகொள்ள, இருபத்து மூன்று வருஷம் பின்னால் போகவேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகள். பிறந்து ஆறு மாதத்தில் அவள் தலை முழுக்கச் சுருள் சுருளாக முடி வந்தது. பிரஷ்ஷின் அக்கா குழந்தையைப் பார்க்க வந்து, தொட்டுப் பார்த்து, "நம்ம வீட்டுல இப்படிக் கிடையாதே" என்றார். பிரஷ்ஷின் அப்பா முப்பது வயதிலேயே வழுக்கை. அம்மா எப்போதும் கொண்டை. பிரஷ்ஷின் தலையோ தெரிந்ததுதான். மனைவிக்குக் கயிறுபோல நேரான முடி. அவருடைய அம்மாவுக்கும் அப்படியே. ஆனாலும் நாத்தனார் விடவில்லை. விசாரித்து விசாரித்து, மனைவிக்கு ஒரு சித்தப்பா இருந்ததையும், அவர் கப்பலில் வேலைக்குப் போய்த் திரும்பி வராமலே செத்ததையும், ஒரு போட்டோகூட இல்லாததையும் கண்டுபிடித்தார். "அவருக்கு இருந்திருக்கும்" என்று முடிவுகட்டினார்.

அன்றிலிருந்து குடும்பத்தில் யார் கேட்டாலும் அது கப்பல் சித்தப்பா முடி. மகள் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அத்தை அவள் தலையில் கைவைத்து, "பாவம், அந்த மனுஷன் போட்டது" என்பார். வரும்போதெல்லாம் முடியை நேராக்கும் என்று ஒரு எண்ணெய் பாட்டில் கொண்டுவருவார். மகள் பதினாறு வயதில் சூடாக்கும் ஸ்ட்ரெய்ட்னர் ஒன்றை வாங்கிக்கொண்டு, தினமும் காலையில் நாற்பது நிமிஷம் முடியை நேராக்கிக்கொள்ள ஆரம்பித்தாள். வீடு முழுக்கத் தீய்ந்த வாடை அடிக்கும். இப்போது வெளியூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கேயும் அதேதான்.

இது ஒவ்வொன்றும் நடந்தபோது மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் விடு என்றார்.

ஜன்னலோரம் நின்ற அந்த மாலை மனைவி கைப்பேசியை எடுத்து, கணவரின் தலையைப் பின்பக்கமிருந்து ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து, நாத்தனார், மகள், கொழுந்தன்மார் எல்லோரும் இருக்கும் குடும்பக் குழுவில் போட்டார். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

முதலில் நாத்தனார்தான் கேட்டார்: 'இது யாரு?'

'உங்க தம்பி.'

அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்தக் குழுவில் யாரும் காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மகள் மட்டும் அன்றே போன் செய்தாள்.

"அப்பா, அம்மா ஒரு போட்டோ போட்டிருக்காங்க. அது விக்கா?"

"இல்லம்மா."

"உங்க முடியா?"

"என் தலையிலதான் இருக்கு."

பின்னணியில் ஏதோ மெஷின் சுழலும் ஓசை மட்டும் கேட்டது.

"உங்களுக்குத் தெரியுமா? இத்தனை வருஷமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"நீங்க என்னிக்கு, எதச் சொல்லியிருக்கீங்க?"

வைத்துவிட்டாள். பிரஷ் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, என்னவென்று கேட்காமல் மெஷினுக்குத் திரும்பிப் போனார். எது கேட்டாலும் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அன்று பிரஷ்ஷுக்கு அந்தப் பதில் வாயில் வரவில்லை. மகள் எட்டு வயதில் ஒருமுறை, பள்ளியில் யாரோ தலையில் பென்சிலைச் செருகி அது விழாமல் நின்றதைச் சொல்லி அழுதது ஞாபகம் வந்தது. தான் அப்போது என்ன சொன்னோம் என்பதும் ஞாபகம் வந்தது.

அரை மணி நேரம் கழித்து மறுபடி போன். இந்த முறை மகளின் குரல் நோயாளிக்கு ரிப்போர்ட் வாசிப்பதுபோல இருந்தது.

"தலைக்கு என்ன போட்டீங்க?"

"சோப்பு."

"எந்த சோப்பு?"

"குளிக்கிற சோப்பு."

"ஐயோ. எழுதிக்கோங்க."

அவர் கையில் கிடைத்தது லிஃப்ட் சர்வீஸ் நோட்டுப் புத்தகம். அதில்தான் எழுதினார். சோப்பு கூடாது. வாரம் ஒருமுறை மட்டும் மென்மையான ஷாம்பு, மற்ற நாள் வெறும் கண்டிஷனர். அது தலையில் இருக்கும்போதே விரலால் சிக்கெடுக்க வேண்டும், நுனியிலிருந்து வேருக்கு. காய்ந்த முடியில் சீப்பு படவே கூடாது. துண்டால் தேய்க்கக்கூடாது, பழைய பருத்தி பனியனால் ஒற்றி எடுக்க வேண்டும். காயும்வரை தொடக்கூடாது.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். தலையணைக்கு சாட்டின் உறை போடுங்க. பருத்தி முடிய உரசி உடைச்சிடும்."

"இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பதினஞ்சு வயசுல எல்லாத்தையும் படிச்சேன்ப்பா. ஒரு மாசம் செஞ்சும் பாத்தேன். அப்ப அத்தை வந்தாங்க."

பிரஷ் அதையும் எழுதினார். பிறகு அடித்துவிட்டார்.

பராமரிப்பு என்று வந்துவிட்டால் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லிஃப்டுக்கு மாத சர்வீஸ் இருப்பதுபோலத் தலைக்கும் ஓர் அட்டவணை போட்டுக் குளியலறைக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். தேதி, செய்த வேலை, கவனிப்பு என்று மூன்று கட்டம். 'நான்காம் தேதி. கண்டிஷனர், பத்து நிமிஷம். இடது பின்பக்கம் சிக்கு. கையால் எடுக்கப்பட்டது.' 'பதினொன்று. மழை. தலை பெரிதாகிவிட்டது. காரணம் ஈரக்காற்று. நடவடிக்கை தேவையில்லை.' கையெழுத்துப் போட ஒரு கட்டமும் இருந்தது. பழக்கதோஷம், அதிலும் கையெழுத்துப் போட்டார். மனைவி லைனிங்குக்கு வைத்திருந்த ஊதா சாட்டினில் தலையணை உறை தைத்துக் கொடுத்தார். முதல் வாரம் தலையணை வழுக்கிக்கொண்டே இருந்தது. அதுவும் அட்டவணையில் பதிவாகியிருக்கிறது.

நாத்தனார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தார். செருப்பைக் கழற்றியதும் தம்பியின் தலையில் கைவைத்தார்.

"தண்ணி மாறியிருக்கும்" என்றார்.

"முப்பது வருஷமா இதே குழாய்தான், அண்ணி" என்றார் மனைவி. "உக்காருங்க, டீ போடுறேன்."

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறானா?"

"இல்ல, அண்ணி."

டீ வந்தது. நாத்தனார் ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்தும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மனைவி தைக்கவேண்டிய சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார், ஊசி ஓடவில்லை. பிரஷ் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஈரத்தலை, தொடக்கூடாது.

"அக்கா," என்றார் பிரஷ். "அம்மா என்னை ஏன் மூணு வாரத்துக்கு ஒருதரம் வெட்டிக்க அனுப்பினாங்க?"

மனைவி நிமிர்ந்து பார்த்தார். அவர் எதையும் கேட்டு வழக்கமில்லை.

"உனக்கு அஞ்சு வயசு. தலையில சீப்பு மாட்டி நீ கத்தினே," என்றார் அக்கா. "அம்மா பயந்துட்டாங்க."

"சீப்புக்கா?"

அக்கா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா தலையை நீ அவிழ்த்துப் பாத்திருக்கியா?"

"கொண்டைதானே."

"ஈரத்தோட இறுக்கிக் கட்டிடுவாங்க. காயவே விடமாட்டாங்க. கதவச் சாத்திக்கிட்டுத்தான் சீவுவாங்க. நான்தான் பின்னாடி பிடிச்சுக்கணும். காய்ஞ்சா இப்படித்தான் நிக்கும்." தம்பியின் தலையைக் கண்ணால் காட்டினார். "கல்யாணமான புதுசுல யாரோ என்னமோ சொல்லியிருக்காங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. நான் பத்து வயசுப் பொண்ணு. அம்மா செத்தப்புறம் யார்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன்."

பிரஷ்ஷின் அம்மா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசி மூன்று மாதம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தலைவாரிவிட வந்த நர்ஸைத் தொடவே விடாமல் கையைத் தட்டிவிட்டது மனைவிக்கு ஞாபகம் வந்தது. வலிக்கிறதுபோல என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

"அப்போ எங்க சித்தப்பா?" என்றார் மனைவி.

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தச் சித்தப்பா விஷயத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"குழுவுல எழுதிடுங்க, அண்ணி."

"எழுதணுமா?"

"இருபத்து மூணு வருஷம் அந்த மனுஷன் சும்மா சுமந்திருக்கார்."

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். 'சுருட்டை முடி நம்ம அம்மாவோடது. சித்தப்பாவுக்குச் சம்பந்தம் இல்லை.' அனுப்பிவிட்டு, தம்பி மகளுக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். அதில் என்ன எழுதினார் என்று யாருக்கும் காட்டவில்லை. மனைவி அதற்குப் பிறகு இன்னொரு டீ போட்டார்.

நான்காவது மாதம் வேலையிடத்தில் பிரச்சினை வந்தது. ஹெல்மெட் உட்காரவில்லை. அழுத்தி வைத்தால், பொங்கும் பால்மேல் வைத்த மூடிபோல மெல்ல எழும்பியது. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி முப்பது வயதுப் பெண். ஸ்கேல் இல்லாமல் எதையும் நம்பாதவர். பிரஷ்ஷைக் கூப்பிட்டார்.

"உங்க முடி எவ்வளவு நீளம்?"

"எந்த நிலைமையில, மேடம்?"

"என்ன எந்த நிலைமை?"

"காய்ஞ்சிருந்தா ஒரு விரல்கடை. நனைச்சு இழுத்தா மூணு."

அதிகாரி ஒரு கொத்தைப் பிடித்து அளந்து, விட்டு, மறுபடி அளந்தார். இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டார். நீண்ட முடியைக் கட்டித் தொங்கவிடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. இது தொங்கவில்லை, மேலே போகிறது. மேலே போகும் முடி பற்றி விதியில் ஒன்றும் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். பதினொரு நாள் கழித்து, 'பாதுகாப்பான நீளமாக இருத்தல் வேண்டும்' என்று பதில் வந்தது. அந்தப் பதினொரு நாளும் பிரஷ்ஷை லிஃப்ட் மேலே ஏற விடவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய ஃபைல்களை அடுக்கச் சொன்னார்கள்.

"பேசாம வெட்டிடுங்கண்ணே," என்றார் ஜோடிக்காரர். "எட்டு நிமிஷ வேலை."

"முடியாது."

"ஏன்?"

பிரஷ் யோசித்தார். "இப்பதான் பாத்திருக்கேன்" என்றார்.

கடைசியில் மனைவி வழிகண்டார். அளவெடுத்து, சாட்டினில் தலையை ஒட்டி நிற்கும் குல்லா ஒன்று தைத்தார். முடியை அதற்குள் அடக்கி, பெரிய அளவு ஹெல்மெட்டைப் பின்பட்டையால் இறுக்கினால் ஆடவில்லை. அதிகாரி ஹெல்மெட்டைப் பிடித்து நாலா பக்கமும் உலுக்கிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். ஊதாக் குல்லாவோடு பிரஷ் மறுபடி லிஃப்ட் மேலே ஏறினார். கம்பெனியில் சிலர் பெயரை மாற்றலாமா என்று பேசினார்கள். முப்பது வருஷப் பெயரை மாற்றினால் ஆள் குழம்பும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆறாவது மாதம் சலூன் திறந்தது.

பிரஷ் அந்த சனிக்கிழமை முழுக்க வீட்டில் அங்குமிங்கும் நடந்தார். போனால் வெட்டிவிடுவார்கள். போகாவிட்டால், முழங்கால் இரண்டையும் மாற்றிக்கொண்டு வந்த மனுஷன் என்ன நினைப்பார்? மனைவியே செருப்பை எடுத்து முன்னால் வைத்தார். "போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்றதுதான் உங்களுக்குப் பழகணும்."

சலூன்காரர் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இனி உட்கார்ந்தே வேலை செய்யவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பிரஷ் உள்ளே வந்ததும் தலையைப் பார்த்தார். வழக்கம்போலவா என்று கேட்கவில்லை.

"வேற எங்கேயும் போகலையா, தம்பி?"

"இல்லண்ணே."

"ஆறு மாசமா?"

"ம்."

சலூன்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அண்ணே, இத..." பிரஷ் தலையைத் தொட்டுக் காட்டினார். "இத வெட்ட வேணாம்னு நினைக்கிறேன். உங்களத் தப்பா நினைச்சு இல்ல."

"சுருட்டைன்னு எனக்குத் தெரியும்."

"எப்போ இருந்து?"

"முத நாள்லேருந்து. வேர் வளைஞ்சுதான் வெளிய வருது. மெஷின் ஓட்டும்போதே கைக்குத் தெரியும்."

"ஏண்ணே சொல்லல?"

"நீங்க கேக்கல." சலூன்காரர் கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "அதுவும் இல்ல. எனக்குச் சுருட்டை வெட்ட வராது, தம்பி. தொழில் கத்துக்கிட்டப்போ ஒருத்தருக்கு ஈரத்துல வெட்டினேன். காய்ஞ்சதும் ஒரு பக்கம் காதுக்கு மேல ஏறிடுச்சு. மறுநாள் அவருக்கு நிச்சயதார்த்தம். அதோட சுருட்டை வந்தா ரெண்டாம் நம்பர்தான். நீங்க வளத்துட்டு வந்துடக்கூடாதேன்னு இருபத்தாறு வருஷமும் எனக்கு ஒரு பயம்."

இருவரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காய்ஞ்ச முடியில வெட்டணுமாம்," என்றார் பிரஷ். "ஒவ்வொரு சுருளா. என் பொண்ணு சொன்னா. அடுத்த மாசம் ஓரத்த மட்டும் சரிபண்ணலாம். எனக்கு அவசரம் இல்ல."

"ஒரு பக்கம் ஏறிட்டா?"

"எனக்கு நிச்சயதார்த்தம் எதுவும் இல்லண்ணே."

அடுத்த மாதம் அந்த வேலைக்கு இரண்டு மணி பத்து நிமிஷம் ஆனது. சலூன்காரர் ஒவ்வொரு சுருளையும் இழுத்து, விட்டு, யோசித்து, வெட்டினார். இடது பக்கம் லேசாக ஏறித்தான் இருந்தது. பிரஷ் கண்ணாடியில் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். அன்று அவர்கள் பேசியது, அதற்கு முந்தைய இருபத்தாறு வருஷத்தில் பேசியதைவிட அதிகம். பெரும்பாலும் முழங்காலைப் பற்றி.

மகள் வருஷக் கடைசியில் ஒரு வாரம் விடுமுறையில் வந்தாள். தொப்பியைக் கழற்றவே இல்லை. இரண்டாம் நாள்தான் அம்மா முன்னால் கழற்றினாள். வேரிலிருந்து நாலு விரல்கடை சுருட்டை. அதற்குக் கீழே தோள்வரை, தீய்ந்து வெளுத்த நேர்முடி. இரண்டு பேர் தலையை ஒட்டுப்போட்டதுபோல இருந்தது. ஸ்ட்ரெய்ட்னரைத் தொட்டு ஒன்பது மாதம் ஆகிறது என்றாள். ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்டார். "நடுவுல தோத்துட்டா அசிங்கம்னு சொல்லல" என்றாள்.

நேர்முடியை வெட்டிவிட வேண்டும். அவளுக்கு மனம் வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணாடி முன்னால் நிற்பாள், பிறகு வைத்துவிடுவாள். நாலாம் நாள் பிரஷ், "வாம்மா, போலாம்" என்றார்.

"எங்க?"

"அண்ணன்கிட்ட."

"அப்பா, அது ஆம்பளைங்க சலூன்."

"முடிக்கு என்ன தெரியும்?"

சலூன்காரர் அவள் தலையைப் பார்த்ததும் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார். எழக்கூடாது என்பதே மறந்துபோயிற்று. வாழ்நாளில் பெண்ணுக்கு வெட்டியதில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நேர்முடியும் சுருளும் சேரும் இடத்தில் ஒவ்வொரு கொத்தாக வெட்டினார். மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிரஷ் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "இப்ப வலது பக்கம். இப்ப பின்னாடி. இன்னும் நாலு இருக்கு. மூணு. பயப்படாதே, நல்லா இருக்கு" என்று, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசுவதுபோல, முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

கண்ணைத் திறந்ததும் மகள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். சுருள்கள் ஆடி நின்றன.

"காது குளிருது" என்றாள். பிறகு கொஞ்சம் அழுதாள். பிறகு சலூன்காரரிடம், இடது பக்கம் லேசாக ஏறியிருக்கிறது என்றாள்.

"அது என் கை வாகு" என்றார் சலூன்காரர்.

இப்போது பிரஷ்ஷுக்கு ஐம்பத்தைந்து. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். போன வாரம் மருத்துவமனை லிஃப்டில் ஓசை வருகிறது என்று அதில் ஏறி இறங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். தரைத்தளத்தில் ஓர் அம்மாவும் ஐந்து வயதுப் பெண்ணும் ஏறினார்கள். குழந்தையின் தலையை நான்கு ரப்பர் பேண்ட் போட்டு, நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கியிருந்தார்கள். அப்படியும் அங்கங்கே பிய்த்துக்கொண்டு நின்றது. அம்மாவின் கைப்பைக்கு வெளியே ஒரு பல் போன சீப்பு நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்மணி இவர் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டாம் மாடியில் கேட்டேவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. இதுக்கு என்ன போடுறீங்க?"

"மொதல்ல சோப்ப நிறுத்துங்க" என்றார் பிரஷ்.

அவர்கள் இறங்கவேண்டியது ஐந்தாம் மாடி. ஐந்தாம் மாடி வந்தபோது அவர் கண்டிஷனரைத்தான் முடித்திருந்தார். அவர்களோடு தானும் இறங்கி, ரத்தம் எடுக்கும் அறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, பனியனைப் பற்றிச் சொன்னார், தலையணையைப் பற்றிச் சொன்னார், மழை நாளில் பயப்படவேண்டாம் என்று சொன்னார். அந்தப் பெண்மணி ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். மோட்டார் அறையிலிருந்து ஜோடிக்காரர் மூன்று தடவை போன் செய்தார். மூன்றாவது தடவைதான் பிரஷ் எடுத்தார்.

"அண்ணே, என்ன சத்தம்னு தெரிஞ்சுதா?"

"இரு, பேசிட்டிருக்கேன்" என்றார்.